விடுதலை என்பது உறவு: ஆப்பிரிக்க மனிதச் சிந்தனையும் சோழமண்டலக் கரையும்

சேத்தியாத்தோப்பில் வெள்ளாற்றின் குறுக்கே நிற்கும் அணைக்கட்டைத் தாண்டிச் செல்லும் நீர், புவனகிரியைக் கடந்து பரங்கிப்பேட்டை அருகே வங்கக் கடலில் கலக்கிறது. அந்தத் துறைமுகத்தின் பழம்பெருமையைப் பேசும்போது மரக்காயர்களின் கப்பல்களையும், அவற்றில் ஏற்றப்பட்ட துணிப்பொதிகளையும், கீழைக் கடல்களில் நம் முன்னோர் நடத்திய வணிகத்தையும் நாம் நினைவுகூர்கிறோம். அந்தப் பெருமை பொய்யானதன்று. ஆயின் அதே கரையிலிருந்து இன்னொரு சரக்கும் ஏற்றப்பட்டது; அது மனிதச் சரக்கு. அதைப் பற்றி நாம் பெரும்பாலும் பேசுவதில்லை.

பதினேழாம் நூற்றாண்டில் பழவேற்காடு, தேவனாம்பட்டினம், பரங்கிப்பேட்டை, நாகப்பட்டினம் ஆகிய சோழமண்டலத் துறைகளிலிருந்து டச்சுக் கிழக்கிந்தியக் கும்பினி அடிமைகளை வாங்கிப் பத்தாவியாவுக்கும் இலங்கைக்கும் அனுப்பியது. 1659 முதல் 1661 வரை தஞ்சைப் பகுதியைப் போரும் பஞ்சமும் வாட்டிய வேளையில், ஒரு பிடி அரிசிக்காகத் தம்மையும் தம் பிள்ளைகளையும் விற்றுக்கொண்டோர் ஆயிரக்கணக்கில் கப்பலேறினர். கும்பினிக் கப்பல்கள் மட்டுமே இதைச் செய்தன என்று சொல்லி நாம் ஒதுங்கிவிட இயலாது. இக்கரையின் முஸ்லிம் வணிகர் கப்பல்களும் அச்சே போன்ற இடங்களுக்கு அடிமைகளைக் கொண்டு சென்ற செய்தி அக்காலத்து ஐரோப்பிய ஆவணங்களில் காணக்கிடைக்கிறது.

இவ்வாறு பெயர்த்தெடுக்கப்பட்டோரில் ஒரு பகுதியினர் ஆப்பிரிக்காவின் தென்முனையை அடைந்தனர். ஆப்பிரிக்க மக்களின் விடுதலைச் சிந்தனையை நாம் தொலைதூரத்து அறிவாக அல்லாமல், நம் கரையோடு குருதி வழியில் தொடர்புடைய ஒன்றாகக் காண வேண்டியதன் காரணம் இதுவே.

பெயரிழந்தோர்

1652-இல் டச்சுக்காரர் நன்னம்பிக்கை முனையில் குடியேற்றத்தை நிறுவினர். அன்று தொடங்கி 1808 வரை அங்கு இறக்குமதி செய்யப்பட்ட அடிமைகள் ஏறத்தாழ 63,000 பேர் என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகின்றனர். மடகாஸ்கர், ஆப்பிரிக்கப் பெருநிலம், இந்தோனேசியத் தீவுகள், இந்தியாவும் இலங்கையும் என நான்கு திசைகளிலிருந்தும் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினர் வீதம் வந்தனர்.

அவர்களுடைய பெயர்கள் கும்பினிப் பதிவேடுகளில் இருக்கின்றன. ஆயின் அவை அவர்களின் பெற்றோர் இட்ட பெயர்கள் அல்ல. எஜமானன் வைத்த ஒரு பெயரும், அதனைத் தொடர்ந்து ‘வங்காளத்தின்’, ‘சோழமண்டலத்தின்’, ‘மலபாரின்’, ‘இலங்கையின்’ என்ற ஓர் ஒட்டும் மட்டுமே எழுதப்பட்டன. இன்னார் மகன், இன்னார் மகள் என்ற சொல் அங்கே இல்லை. எதிர்த்திசையிலும் இக்கொடுமை நிகழ்ந்தது. போர்த்துக்கேயரும் டச்சுக்காரரும் ஆப்பிரிக்கரை இலங்கைக்குக் கொணர்ந்தனர். அவர்தம் வழித்தோன்றல்கள் இன்றும் புத்தளத்தை அடுத்த சிறாம்பியடியில் வாழ்கின்றனர்.

அடிமைத்தனம் என்றதும் நாம் விலங்கையும் சவுக்கையும் எண்ணுகிறோம். ஆனால் அதன் முதல் செயல் பெயரைப் பறிப்பதும் உறவை அறுப்பதுமே ஆகும். ஆப்பிரிக்கச் சமூகங்களின் அடிமை முறையைப் பற்றி 1977-இல் சூசன் மையர்ஸ், இகோர் கோபிட்டோஃப் ஆகியோர் தொகுத்த ஆய்வுநூல் ஒரு முக்கியமான கருத்தை முன்வைத்தது. மேலைநாட்டார் அடிமைக்கு எதிர்நிலையாகத் ‘தன்னிச்சையாளன்’ என்பவனைக் காண்கின்றனர். பல ஆப்பிரிக்கச் சமூகங்களிலோ அடிமைக்கு எதிர்நிலை ‘நம்மவன்’ என்பதாகும். அடிமை என்பவன் உறவற்றவன். எனவே விடுதலை என்பது யாருக்கும் கட்டுப்படாமல் தனித்து நிற்பதன்று, மீண்டும் ஒரு குலத்துக்குரியவனாக, ஒரு மக்கட்கூட்டத்தின் பொறுப்புக்கும் பாதுகாப்புக்கும் உரியவனாக ஆவதே.

மனிதரால் மனிதர்

இக்கருத்தின் வேர் தென் ஆப்பிரிக்க மொழிகளின் இலக்கணத்திலேயே இருக்கிறது. ஸூலு மொழியில் உமுண்டு என்றால் மனிதன்; அபண்டு என்றால் மனிதர்கள்; உபுண்டு என்றால் மனிதத்தன்மை. மூன்றும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. ‘உமுண்டு ங்குமுண்டு ங்கபண்டு’ என்பது அம்மக்களின் பழமொழி. மனிதன் மனிதர்களாலேயே மனிதனாகிறான் என்பது அதன் பொருள். கிழக்குக் கரையின் சுவாஹிலி மொழியிலும் இதே வேர் உண்டு. ம்டு மனிதன், வாடு மனிதர்கள், உடு மனிதத்தன்மை. அம்மொழியில் விடுதலையைக் குறிக்கும் ‘உஹுரு’ என்ற சொல்லோ அரபியின் ‘ஹுர்’ என்பதிலிருந்து வந்தது. மனிதத்தன்மைக்குத் தம் தாய்வேரையும் விடுதலைக்கு அரபு வேரையும் வைத்துக்கொண்ட ஒரு மொழி, நெடுங்கால முஸ்லிம் வாழ்வின் சான்றாக நிற்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் ஆப்பிரிக்க அறிஞர்கள் இப்பழமொழியைத் தத்துவமாக விரித்தனர். கென்யாவின் ஜான் ம்பிட்டி 1969-இல் வெளியிட்ட நூலில், தனிமனிதனின் இருப்பு அவனைச் சூழ்ந்த சமூகத்தின் இருப்பால் ஆனது என்று விளக்கினார். நைஜீரியாவின் இஃபியானி மென்கிட்டி 1984-இல் ஒருபடி மேலே சென்றார். பிறப்பால் மட்டும் ஒருவன் முழுமனிதனாகிவிடுவதில்லை. பிறரிடத்துத் தன் கடமைகளை நிறைவேற்றுவதன் வழியே படிப்படியாக ஆகிறான் என்றார். தென் ஆப்பிரிக்காவின் மொகோபே ரமோஸே 1999-இல் உபுண்டுவையே ஆப்பிரிக்கத் தத்துவத்தின் அடித்தளமாக நிறுவ முயன்றார்.

எதிர்வாதமும் எழுந்தது. சமூகமே மனிதனை ஆக்குகிறது எனில், சமூகம் தவறு செய்யும்போது அதனை எதிர்த்து நிற்பவனின் நிலை என்ன? மரபின் பெயரால் பெண்களும் இளையோரும் எளியோரும் அடக்கப்படும்போது உபுண்டு யார் பக்கம் நிற்கும்? கானா நாட்டின் குவாமே ஜிஎக்கியே இக்கேள்விகளை முன்னிறுத்தி, மனிதன் சமூகத்தால் உருவாகிறான், ஆயினும் சமூகத்தில் கரைந்துபோவதில்லை. அச்சமூகத்தையே சீர்தூக்கிப் பார்க்கும் உரிமை அவனுக்கு உண்டு என்று வரையறுத்தார். ஜமாஅத் கட்டுப்பாட்டின் நன்மையையும் தீமையையும் அறிந்த நமக்கு இவ்விவாதம் அயலானதன்று.

பிணையறுத்தலும் பிணைத்தலும்

இஸ்லாமிய மரபிலிருந்து இதனை நோக்குவோம். திருக்குர்ஆனின் அல்பலத் அத்தியாயம் கடினமான மேட்டுவழி எது என்பதை விளக்குகையில், அடிமைத் தளையிலிருந்து ஒரு கழுத்தை விடுவிப்பதைச் சொன்ன அதே மூச்சில், பசிநாளில் உறவினரான அநாதைக்கும் மண்ணில் கிடக்கும் வறியவருக்கும் உணவளிப்பதையும் சொல்கிறது. அறுப்பதும் பிணைப்பதும் அங்கே ஒரே அறமாகின்றன. அல்அஹ்ஸாப் அத்தியாயமோ, தந்தையின் பெயர் அறியப்படாதோரை மார்க்கச் சகோதரர்களாகவும் மவ்லாக்களாகவும் கொள்ளுமாறு பணிக்கிறது. ‘சோழமண்டலத்தின்’ என்ற ஒட்டை மட்டுமே சுமந்து சென்ற அந்தப் பெயரிழந்தோரை மனத்தில் வைத்து இவ்வசனத்தின் பொருளை எண்ணுங்கால் நெஞ்சம் நெகிழ்கிறது.

ஃபிக்ஹு நூல்களில் ‘வலா’ என்றொரு பொருள் உண்டு. அடிமை விடுவிக்கப்பட்டதும் அவனுக்கும் விடுவித்தவருக்குமிடையே வமிச உறவை ஒத்த ஒரு பிணைப்பு உண்டாகிறது. வேறு வாரிசு இல்லாதபோது வாரிசுரிமை வரை அது செல்லும். விடுதலை பெற்றவன் அநாதையாகத் தெருவில் விடப்படலாகாது என்பதே இதன் உட்கருத்து. கடத்தப்பட்டு விற்கப்பட்ட ஸைத் இப்னு ஹாரிஸா (ரலி), தம்மை மீட்க வந்த தந்தையுடன் செல்லும் வாய்ப்பிருந்தும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுடனேயே வாழத் தேர்ந்தெடுத்ததை நாம் அறிவோம். அங்கே விடுதலை, உறவைத் தேர்ந்துகொள்ளும் உரிமையாக வெளிப்பட்டது.

ஆயினும் உண்மையை மறைத்தலாகாது. உமையாக்களின் ஆட்சியில் மவாலிகள் இரண்டாந்தர மக்களாக நடத்தப்பட்டனர்; பிணைக்கவேண்டிய வலா தாழ்த்தும் கருவியாயிற்று. முஸ்லிம் நாடுகளில் கறுப்பு நிறத்தையும் அடிமைத்தனத்தையும் ஒன்றாகக் கருதும் இழிமனமும் வளர்ந்தது. அதனை எதிர்த்து எழுந்த குரல்களில் தலையாயது திம்புக்துவின் அஹ்மத் பாபா (1556–1627) அவர்களுடையது. மொராக்கோப் படையினரால் சிறைபிடிக்கப்பட்டு மராக்கெஷுக்குக் கொண்டு செல்லப்பட்ட அப்பேரறிஞர், ஊர் திரும்பிய பின் 1615-ஐ ஒட்டி ‘மிஃராஜுஸ் ஸுஊத்’ என்னும் ஃபத்வா நூலை எழுதினார். ஆதமின் மக்களுக்கு மூலநிலை சுதந்திரமே என்ற சட்ட விதியை முன்வைத்து, நிறம் அடிமைத்தனத்துக்குக் காரணமாகாது என்றும், நூஹ் நபியின் மகன் ஹாமின் பெயரால் சொல்லப்பட்ட சாபக்கதை ஆதாரமற்றது என்றும் அவர் நிறுவினார். அடிமை முறையையே அவர் முற்றாக மறுக்கவில்லை. முஸ்லிமல்லாதோரைப் போரில் அடிமைப்படுத்துவதை அவருடைய காலத்துச் சட்டம் ஏற்றிருந்தது. எனினும் நிறவாதத்தின் அடித்தளத்தை மார்க்க ஆதாரங்களைக் கொண்டே தகர்த்த ஆப்பிரிக்கர் அவர்.

டோர்ப் தெருப் பள்ளிவாசல்

இவ்விரு சிந்தனைகளும் ஏட்டில் நில்லாமல் வாழ்வில் கலந்த இடம் கேப் நகரம். தித்தோர் தீவைச் சேர்ந்த இமாம் அப்துல்லாஹ் இப்னு காழி அப்துஸ் ஸலாம், துவான் குரு என்று மக்களால் அழைக்கப்பெற்றவர், 1780-இல் டச்சுக்காரரால் நாடுகடத்தப்பட்டு ராபன் தீவில் சிறைவைக்கப்பட்டார். திருக்குர்ஆனை நினைவிலிருந்தே அவர் எழுதினார் என்பது அங்குள்ள முஸ்லிம்கள் போற்றிக் காக்கும் செய்தி. விடுதலையான பின் 1794-இல் கேப் நகரின் டோர்ப் தெருவில் அவர் தலைமையில் எழுந்ததே அவ்வல் மஸ்ஜித். தென் ஆப்பிரிக்காவின் முதற் பள்ளிவாசல். அது அமைந்த மனை, அடிமை நிலையிலிருந்து விடுபட்ட ‘இலங்கையின்’ கோரிடான் என்பவருடைய குடும்பத்துக்குரியது. அவருடைய மகள் சார்ட்ஜி வழியே அது பள்ளிவாசலுக்கென நிலைபெற்றது. சார்ட்ஜியை மணந்தவர் ‘வங்காளத்தின்’ அஹ்மத். அவரும் பிற்காலத்தில் அப்பள்ளியின் இமாமானார்.

அக்காலச் சட்டத்தில் அடிமைகளின் திருமணத்துக்கு மதிப்பில்லை. கணவனை ஓரிடத்திலும் மனைவியை வேறிடத்திலும் விற்கலாம். திருமுழுக்குப் பெற்ற அடிமையை விற்க விதி தடைசெய்ததால், எஜமானர்கள் அவர்களைக் கிறிஸ்தவத்தில் சேர்க்கவும் தயங்கினர். இந்நிலையில் அரசு தர மறுத்ததைப் பள்ளிவாசல் தந்தது. இமாம்கள் நிக்காஹ் செய்துவைத்தனர். குழந்தைகளுக்குப் பெயர் சூட்டினர். இறந்தோரைக் குளிப்பாட்டித் தொழுது அடக்கினர். டோர்ப் தெரு மத்ரஸாவில் 1825 அளவில் ஏறத்தாழ 500 மாணவர்கள் பயின்றனர். அடிமைப் பிள்ளைகளும் விடுதலை பெற்றோர் பிள்ளைகளும் ஒரே பாயில் அமர்ந்தனர். அங்கு பேசப்பட்ட ஆப்ரிக்கான்ஸ் மொழி அரபு எழுத்தில் எழுதப்பட்டது. அபூபக்கர் எஃபெந்தியின் ‘பயானுத்தீன்’ அவ்வாறு எழுதப்பெற்று 1877-இல் இஸ்தான்புல்லில் அச்சானது. அரபுத்தமிழைப் பேணி வளர்த்த நமக்கு இவ்வெழுத்து மரபு உடன்பிறந்தாரின் முகம்போல் தோன்றுகிறது.

பிரிட்டிஷ் அரசின் விடுதலைச் சட்டம் கேப் நகரில் நடைமுறைக்கு வந்தது 1834-இல். பயிற்சிப் பணி என்னும் பெயரில் நீடித்த கட்டாய உழைப்பு 1838-இல்தான் முடிந்தது. ஆனால் பெயரும் குடும்பமும் உற்றாரும் என்னும் விடுதலையை அம்மக்கள் அதற்கு நாற்பது ஆண்டுகள் முன்பே தமக்குள் கட்டியெழுப்பத் தொடங்கிவிட்டனர். சட்டம் விலங்கை அறுத்தது. அதற்கு முன்பே உறவு மனிதரை ஆக்கியிருந்தது.

டர்பனில் நேர்ந்த சோதனை

அடிமைமுறை ஒழிந்ததும் ஒப்பந்தக் கூலிமுறை வந்தது. 1860 நவம்பர் 16-இல் சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 342 பேருடன் டர்பன் சேர்ந்தது. 1911 வரை நேட்டாலுக்குச் சென்ற இந்தியத் தொழிலாளர் 1,52,184 பேர். அவர்களில் பெரும்பான்மையினர் சென்னையில் கப்பலேறியோர். அவர்களை மேற்பார்க்க அமர்த்தப்பட்ட குடியேற்றப் பாதுகாவலரின் பொறுப்பில் 1873 முதல் இன்னொரு கூட்டத்தாரும் ஒப்படைக்கப்பட்டனர். கிழக்காப்பிரிக்கக் கடலில் அடிமைப் படகுகளிலிருந்து பிரிட்டிஷ் கடற்படை மீட்டுக் கொணர்ந்த சில நூறு ஆப்பிரிக்கர்கள் அவர்கள். பெரும்பாலும் வட மொசாம்பிக்கின் மக்குவா இனத்தவர், முஸ்லிம்கள். ‘ஸான்ஸிபாரிகள்’ என்று அவர்களுக்குப் பெயராயிற்று. விடுவிக்கப்பட்டவர்களே ஆயினும், தமிழ்த் தொழிலாளரைப் போல் அவர்களும் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் வேலைக்கு அமர்த்தப்பட்டனர்.

பிற்காலத்தில் டர்பன் ஜும்ஆ மஸ்ஜித் அறக்கட்டளையின் பொறுப்பில் பிளஃப் பகுதியின் கிங்ஸ் ரெஸ்ட்டில் அவர்களுக்கு நிலம் அமைந்தது. பள்ளிவாசலும் மத்ரஸாவும் அங்கே எழுந்தன. இனஒதுக்கல் அரசு 1960-களில் அவர்களை எவ்வாறு வகைப்படுத்துவது என்று தடுமாறியது. தோற்றத்தால் ஆப்பிரிக்கர், வாழ்வாலும் மார்க்கத்தாலும் அண்டை அயலாராலும் இந்திய முஸ்லிம்களோடு கலந்தவர்கள். முடிவில் ‘ஏனைய ஆசியர்’ என்று பதிந்து, இந்தியருக்கெனக் கட்டப்பட்ட சாட்ஸ்வொர்த்தில் குடியேற்றியது. ஆப்பிரிக்கரை ஆசியர் என்று எழுதவேண்டிய நிலைக்கு அவ்வரசைத் தள்ளியது வேறொன்றுமன்று, மனிதருக்கிடையே வளர்ந்துவிட்ட உறவே ஆகும்.

இதனை மட்டும் சொல்லி நிறுத்தினால் நாம் பாதி வரலாறே சொன்னவராவோம். நேட்டாலில் குடியேறிய வணிகர் பலர் தம்மை ‘அரபிகள்’ என்று அழைத்துக்கொண்டனர். கூலிகளிடமிருந்தும் ஆப்பிரிக்கரிடமிருந்தும் தம்மை வேறுபடுத்திக் காட்டுவதே அதன் நோக்கம். ஆப்பிரிக்கருக்கு மறுக்கப்பட்ட உரிமைகளைத் தமக்கு மட்டும் கேட்கும் மனப்போக்கு இந்தியரிடையே நெடுங்காலம் நிலவியது. வெள்ளை அரசின் சட்டங்களோ இரு மக்களையும் ஒரே நகரத்தின் நெரிசலில் போட்டியாளர்களாக நிறுத்தின. 1949 ஜனவரி 13-இல் டர்பன் சந்தைப் பகுதியில் எழுந்த ஒரு சிறு பூசல் பெருங்கலவரமாக மூண்டது. 142 பேர் உயிரிழந்தனர்; அவர்களில் 87 பேர் ஆப்பிரிக்கர், 50 பேர் இந்தியர். மனிதனை மனிதனாக்கும் பிணைப்பு அறுந்தால் என்ன நேரும் என்பதை அந்நாட்கள் காட்டின.

மாற்று வழியும் அப்போதே திறந்திருந்தது. 1947 மார்ச் 9-இல் ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸின் டாக்டர் ஸூமாவும், டிரான்ஸ்வால் இந்தியக் காங்கிரஸின் டாக்டர் யூசுஃப் தாதூவும், நேட்டால் இந்தியக் காங்கிரஸின் தலைவரான தமிழர் டாக்டர் மான்ட்டி நாயக்கரும் கூட்டு உடன்பாட்டில் கையொப்பமிட்டிருந்தனர். கலவரத்தின் சாம்பலுக்குப் பின்னும் அவ்வுடன்பாடு கைவிடப்படவில்லை. 1952-இல் அநீதிச் சட்டங்களை மீறும் இயக்கத்தில் இரு மக்களும் சேர்ந்தே சிறை புகுந்தனர். 1955 ஜூன் 26-இல் கிளிப்டவுனில் ஏற்கப்பட்ட விடுதலைச் சாசனம், அந்நாடு அதில் வாழும் அனைவருக்கும் உரியது என்று முழங்கியது. உபுண்டு இங்கே பழமொழி நிலையைக் கடந்து அரசியலாயிற்று. துவான் குரு சிறையிருந்த ராபன் தீவிலேயே 1964 முதல் நெல்சன் மண்டேலாவுடன் அஹ்மத் கத்ராடாவும் பல்லாண்டுகள் சிறையிருந்தார்.

பழிவாங்கலும் உண்மையும்

1993-ஆம் ஆண்டின் இடைக்கால அரசியலமைப்பு, தன் இறுதிப் பகுதியில் பழிவாங்கலுக்குப் பதிலாகப் புரிந்துகொள்ளலும், கொடுமைக்குப் பதிலாக உபுண்டுவும் வேண்டும் என்னும் கருத்தை எழுதியது. 1995 ஜூன் 6-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் மரண தண்டனையைச் செல்லாது என்று அறிவித்தபோது, நீதிபதி யுவோன் மொகோரோ முதலியோர் உபுண்டுவைத் தம் தீர்ப்புகளில் எடுத்தாண்டனர். அவர்களுள் ஒருவரான இஸ்மாயில் முஹம்மத், பின்னர் தலைமை நீதிபதியாக உயர்ந்தவர், இந்திய வம்சாவளி முஸ்லிம்.

ஆயின் மன்னிப்பு என்பது மறதியன்று. கேப் நகர இமாம் அப்துல்லாஹ் ஹாரூன், ஆப்பிரிக்கர் வாழ்ந்த லாங்கா, குகுலெத்து, நியாங்கா ஆகிய ஒதுக்கிடங்களுக்குச் சென்று அம்மக்களின் துயரில் பங்கேற்றவர். 1969 மே மாதம் கைதுசெய்யப்பட்டு, 123 நாட்களுக்குப் பின் செப்டம்பர் 27-இல் காவலில் உயிர்நீத்தார். படியிலிருந்து தவறி விழுந்தார் என்றது காவல்துறை. அடுத்த ஆண்டு நடந்த விசாரணையும் யாரையும் பொறுப்பாக்கவில்லை. அவர்தம் குடும்பத்தார் ஓயவில்லை. 2023 அக்டோபரில் மேற்குக் கேப் உயர்நீதிமன்றம் பழைய முடிவை நீக்கி, சித்திரவதையாலேயே அவர் இறந்தார் என்று தீர்ப்பளித்தது. அதற்குள் 54 ஆண்டுகள் கடந்திருந்தன. உண்மை ஒப்புக்கொள்ளப்படாத இடத்தில் அறுந்த உறவு மீளாது. உபுண்டுவை எளிய சமாதானமாகச் சுருக்குவோருக்கு இத்தீர்ப்பு ஓர் எச்சரிக்கை.

நமக்கான கேள்வி

அல்லாஹ்வின் முன்னிலையில் மனிதர் யாவரும் சமம் என்று நாம் எழுதுகிறோம், பேசுகிறோம். ஒரே ஆணிலிருந்தும் பெண்ணிலிருந்தும் படைக்கப்பட்டு, ஒருவரை ஒருவர் அறிந்துகொள்வதற்காகவே சமூகங்களாக ஆக்கப்பட்டோம் என்ற அல்ஹுஜுராத்தின் போதனை நம் மேடைகளில் அடிக்கடி ஒலிக்கிறது. கறுப்பரான பிலால் (ரலி) அவர்களின் பாங்கோசையை நாம் பெருமையுடன் நினைவுகூர்கிறோம். அப்பெருமைக்கு நாம் செலுத்திய விலை என்ன என்பதே இவ்வரலாறு நம்மிடம் கேட்கும் கேள்வி.

இந்தக் கேள்விக்கு விடைதேட ஆப்பிரிக்கா வரை செல்ல வேண்டியதில்லை. தென்னார்க்காட்டு வயல்களில் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்ட மக்கள் இருந்தனர். 1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்பதைத் தடுத்தது. ஆயினும் பண்ணையாள் முறை வேறு பெயர்களில் நீடித்தது. அந்த மக்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் நம் ஊர்களில், நம் தெருக்களுக்கு அடுத்த தெருக்களில் வாழ்கின்றனர். சட்டம் அவர்களை விடுவித்து நெடுங்காலமாகிவிட்டது. உறவு அவர்களைச் சென்று சேர்ந்ததா? தொழுகை வரிசையில் தோளோடு தோள் நிற்கும் நாம், பெண் கொடுக்கவும் எடுக்கவும் வரும்போது, ஜமாஅத் நிர்வாகத்தில் இடம் தரும்போது, புதிதாக இஸ்லாத்தை ஏற்ற ஒருவரின் பிள்ளைக்கு வாழ்வமைக்கும்போது, அதே நெருக்கத்தில் நிற்கிறோமா?

‘இலங்கையின்’ கோரிடானுக்குத் தந்தை பெயர் எஞ்சவில்லை. ஆனால் அவர் குடும்பத்தின் மனையில் ஒரு பள்ளிவாசல் எழுந்து, தந்தை பெயரற்ற ஆயிரக்கணக்கானோருக்குக் குலமாயிற்று. விடுதலை என்ற சொல்லுக்கு அம்மக்கள் எழுதிய உரை அது. சேத்தியாத்தோப்பைக் கடந்து கடலுக்குச் செல்லும் வெள்ளாறு ஒருகாலத்தில் நம் மக்கள் விலைபேசப்பட்ட துறைமுகத்தைச் சென்றடைகிறது. அவர்களை ஏற்று உறவாக்கிக்கொண்ட மண்ணிலிருந்து வந்த இவ்வறிவை, நாம் கொடையாக மட்டுமன்றிக் கடனாகவும் பெற்றுக்கொள்ளுதல் தகும். அக்கடனைத் தீர்க்கும் இடம் நம் பள்ளிவாசலின் முன்வரிசையும், அதை அடுத்த தெருவும் ஆகும்.